என் பாக்கெட்டில் இருந்த பீஸ் கட்டை

எனக்குச் சினிமாவில் நம்பிக்கை கிடையாது. ஒருத்தன் அடித்துப் பத்துப் பேர் பறப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் தொண்டை கட்டும்வரை கத்தினேன், விசில் அடித்தேன்.

ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோ. அண்ணி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாளே என்று நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். படத்தில் ஒருவனுடைய மகன் ஐஸ் கம்பெனியின் குளிர் அறையில் மாட்டிக்கொண்டு செத்துப்போகிறான். கதவைப் பூட்டியவர்களைச் சட்டம் விட்டுவிடுகிறது, அப்பன் விடவில்லை. ஒவ்வொருத்தனையும் அதே மாதிரி அறையில் அடைத்து, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிறான். உள்ளேயிருந்து வரும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிறது. தியேட்டரே எழுந்து ஆடியது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணி கேட்டாள். "எல்லாரையும் முடிச்சிட்டு அவன் வூட்டுக்குப் போய் இன்னா பண்ணான்?"

"அதெல்லாம் காட்ட மாட்டாங்க அண்ணி."

"காட்டலன்னா? இன்னா பண்ணியிருப்பான்னு கேக்கறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் கேட்கிற கேள்வியா இது?

என் அண்ணன் டிரம்முக்குள் செத்தவன். எங்கள் தோல் தொழிற்சாலையில் தோலைப் பதப்படுத்த, ஓர் அறை அளவுள்ள மர டிரம்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே தோல் சிக்கிக்கொண்டால் ஆள் இறங்கித்தான் இழுத்துப்போட வேண்டும். இறங்குகிறவன் சுவரில் உள்ள போர்டிலிருந்து அந்த டிரம்மின் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். உள்ளங்கையில் அடங்கும் பீங்கான் கட்டை. அது இல்லாமல் மோட்டார் ஓடாது. டிரம்மில் இறங்குகிற எவனும் தன் கட்டையை அடுத்தவன் கையில் கொடுக்க மாட்டான், சொந்தத் தம்பியாக இருந்தாலும்.

அண்ணனும் பாக்கெட்டில்தான் வைத்திருந்தான். சரக்கு அனுப்பும் அவசரத்தில் வந்த மேஸ்திரி, போர்டில் கட்டை இல்லாததைப் பார்த்து, முந்தின ஷிப்டுக்காரன் எங்கோ தொலைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்து டிரம்மின் கட்டையைப் பிடுங்கிச் சொருகி, சுவிட்சைப் போட்டார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வேணும்னா செஞ்சாரு?" என்றார்கள் எல்லோரும். விபத்து என்று எழுதி முடித்தார்கள். அவர் அதே வேலைக்குத் திரும்பி வந்தார். அண்ணன் இடத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் சொன்ன வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தேன். அந்த முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

படம் பார்த்த மறுநாள், டீ குடிக்கும்போது கூட வேலை செய்கிற ஒருத்தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இவன் தியேட்டர்ல அடிச்ச விசில் வாணியம்பாடி வரைக்கும் கேட்டுச்சி மேஸ்திரி. பழி வாங்கற படம், செம படம்!" சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. மேஸ்திரி பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனார்.

அன்று மத்தியானம் என் டிரம்மில் தோல் சிக்கியது. இறங்கப் போன என்னை மேஸ்திரி நிறுத்தினார்.

"நீ இரு. நான் எறங்கறேன்."

பீஸ் கட்டையைப் பிடுங்கினார். பாக்கெட்டில் போடாமல் என்னிடம் நீட்டினார்.

"உன்கிட்டயே இருக்கட்டும்."

"இன்னாத்துக்கு?"

"வச்சிக்க தம்பி." சொல்லிவிட்டு உள்ளே இறங்கிவிட்டார்.

சுற்றியிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். என் கையிலிருந்து கட்டையை வாங்க ஒருத்தனும் வரவில்லை. போர்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளே ஈரத் தோலை இழுக்கும் சத்தமும் அவருடைய இருமலும் கேட்டன. படத்தில் அவன் எவ்வளவு பேசினான்! எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. தன் உயிரை என் கையில் கொடுத்து என்னை மாட்டிவிட்டாரே என்று ஆத்திரமாக இருந்தது. கட்டையைச் சொருகினால் நான் கொலைகாரன். சொருகாவிட்டால் மன்னித்துவிட்டேன் என்று ஊரே சொல்லும். நான் மன்னிக்கவில்லை. கட்டையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன்.

அவர் வெளியே வந்து, பதப்படுத்தும் மருந்தின் நீலத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"ஸ்டோர்ல வேற வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

துவைக்க எடுத்த என் சட்டைப் பாக்கெட்டில் அண்ணி அதைப் பார்த்தாள். அண்ணன் பாக்கெட்டிலிருந்து எடுத்ததையும் ஆஸ்பத்திரியில் அவள் கையில்தான் கொடுத்தார்கள்.

"யாரு எறங்கனது?"

"மேஸ்திரி."

"கட்டைய உன்கிட்டயா குடுத்தான்?"

"ஆமா."

கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெளிய வந்துட்டானா?"

"வந்துட்டாரு அண்ணி."

அவள் முகத்தில் முதலில் தெரிந்தது ஏமாற்றம். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்த வழியெல்லாம் எனக்கும் அதே ஏமாற்றம்தான்.