திருப்பத்தில் நின்ற காட்டுச் சூரியகாந்தி

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். எட்டாம் நம்பர் தேயிலை மலையில் ஆட்களோடு நின்றிருந்தேன். மூடுபனிக்குள்ளிருந்து மனைவி ஓடிவந்தாள்.

"செல்வி இன்னும் வரலைங்க. பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணி நேரமாச்சு."

அரை மணி நேர நடைதான். செல்விக்கு ஏழு வயது.

அன்று காலை, கவ்வாத்து வெட்டி, அதாவது தேயிலைச் செடிகளைக் கட்டையாகக் கத்தரித்து விட்டிருந்த மலை மொட்டையாகக் கிடந்தது. மழையில் மண் கழுவிப் போகாமலிருக்கப் தழையை வெட்டிப் பச்சை உரமாகப் பரப்பச் சொல்லியிருந்தார் தோட்டத்துத் துரை. அதற்குக் காட்டுச் சூரியகாந்தியைப் போல வேறொன்றில்லை. ஆள் உயரத்துக்கு மேல் வளரும். இலையை மென்றால் நாக்கு மரத்துப்போகிற கசப்பு. அடியோடு வெட்டினாலும் சில வாரங்களில் துளிர்க்கும். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை யாரோ அழகுக்காகக் கொண்டுவந்ததாம். எதைத் தின்று இப்படி வளர்கிறது என்று வேரைத் தோண்டிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

ரோட்டோரப் புதரைக் காட்டியபோது சின்னையா கங்காணி தயங்கினார்.

"அந்தத் திருப்பத்துல உள்ளதையுமாங்க?"

"ஏன், அதுல தங்கமா காய்க்குது?" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு நான்; கண்டாக்கு சொன்னால், அவருக்குக் கீழே ஆட்களை நடத்தும் கங்காணி மறுத்துப் பேசும் வழக்கமில்லை. வெட்டிவிட்டோம்.

இப்போது அவரிடம் ஓடினேன். "காலையில என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"லயத்து வீடுகள்ல இருக்கிற ஆளுங்க புள்ளைங்க மேல் ரோட்டோட போயிடும். செல்வி பாப்பா ஒன்னுதானுங்க அந்த மஞ்சப் பூவைப் பாத்து ஒங்க வீட்டுப் பக்கம் எறங்கும். மூட்டத்துல வேற அடையாளமில்ல. நேரா போனா ஆறு."

மூன்று நாள் மழையில் ஆறு கரையேறி ஓடிக்கொண்டிருந்தது.

ஓடினேன். பத்து வருடமாக நடந்த ரோடு. வெட்டிய கட்டைகள் பனியில் தெரியாமல், நானே திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்தச் செடியைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்றிருந்தேன். என் பிள்ளைக்கு அது என்ன என்று மட்டும் தெரிந்திருக்கவில்லை. புதிதாக மலை வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கங்காணி தயங்கினால் கத்தியை நிறுத்தி, ஏனென்று கேளுங்கள்.

பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே போனேன். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு குரல் பதில் கொடுத்தது. கொழுந்து பறிக்கும் முத்தம்மா வந்தாள். தன் கம்பளிக்குள் செல்வியைச் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள்.

"இந்தாங்கய்யா ஒங்க புள்ள. பூவு வரட்டும்னு நடந்துக்கிட்டே இருந்துச்சாம். வெட்டப் போறோம்னு வீட்டுலயாவது ஒரு வார்த்த சொல்லப்படாதா?"