திருமணஞ்சேரி மாலை

கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சாமி அறையில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால், ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது. பழம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காய்ந்து கறுத்து, சிறுபிள்ளைகள் விளையாடும் மாபிள் அளவுக்குச் சுருங்கிக் கல்லாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் சாமித் தட்டைத் துடைக்கும்போது அதையும் எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைப்பேன். "என்னம்மா இது, எறியுங்கோவன்" என்பாள் என் மகள். மனம் வராது. அது என் சின்னம்மா குடிக்காமல் விட்ட பழம்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கச்சி. கலியாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தார். பொரளையில் ஒரு கந்தோரில் டைப் அடிக்கும் வேலை. எங்கள் ஒழுங்கை, காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஏறும் இடத்தில் பஸ் தரிப்பு இருந்தது. பின்னேரங்களில் நான் ஒழுங்கை முனையில் நின்று அவருக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அனேகமாக அவரோடு இன்னொருவரும் இறங்குவார். அதே கந்தோரில் வேலை செய்யும் சிங்கள ஆள், மூக்குக்கண்ணாடி போட்டவர். நான் அவரை அய்யே என்பேன், சிங்களத்தில் அண்ணா என்பதைப் போல. அவர் என்னை நங்கி, தங்கச்சி, என்பார். சட்டைப் பையில் எனக்கென்று ஒரு இனிப்பு டொபி இருக்கும். சின்னம்மாவை இறக்கிவிட்டு, வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், வந்த வழியே பொரளைக்குப் பஸ் ஏறுவார். வீடு பொரளையில் இருக்கிற மனுஷர் ஏன் வெள்ளவத்தை வரைக்கும் வந்து திரும்புகிறார் என்று நான் யோசித்ததே இல்லை. அவருக்குக் கடற்காற்று பிடிக்குமாக்கும் என்று நினைத்திருந்தேன்.

அது ஆமி வீதிக்கு வீதி தமிழரை மறித்து அடையாள அட்டை கேட்ட காலம். எங்கள் வீட்டில் அம்மா சின்னம்மாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. "அவன்ரை தாய் இதுக்கு ஓமெண்டுவாளே? நாடு கிடக்கிற கிடையிலை ஆரடி உங்களை நிம்மதியா வாழ விடப்போயினம்?" சின்னம்மா காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டே இருந்தார். ஆனால் தரகர் கொண்டுவந்த சம்பந்தம் ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று மட்டும் தலையசைத்தார். கடைசியில் அம்மா கடவுளிடம் போவதென்று முடிவெடுத்தார். இந்தியாவில் திருமணஞ்சேரி என்றொரு தலம் இருக்கிறது, அங்கே மாலை வாங்கியவர்களுக்கு வருஷம் திரும்புவதற்குள் கலியாணம் கூடிவிடும் என்று கோயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படியே சோழநாட்டுக் கோயில்களையும் பார்த்துவிடலாம் என்றார் அப்பா.

புறப்படுகிற கிழமை பஸ் தரிப்பில் அய்யே சின்னம்மாவிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கிய சிங்களத்தில் அது இதுதான்: அந்தப் பக்கம் ஊர்களில் மிகப் பழைய புத்தர் சிலைகள் வயலுக்குள்ளே இருக்கின்றனவாம். கண்டால் எனக்காகவும் கும்பிடுங்கோ.

விமானத்தில் தந்த பிஸ்கட் முடியுமுன் திருச்சியில் இறங்கிவிட்டோம். வாடகை வானின் டிரைவர் நாங்கள் கதைத்ததைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சார், நீங்க மலையாளமா?" என்றார்.

"இல்லைத் தம்பி, நாங்கள் தமிழ். சிலோன்."

"அதான் சார், தமிழ் மாதிரியே இருக்கேன்னு பார்த்தேன்."

அப்பாவுக்கு அது பெரிய அவமானம். தஞ்சாவூர் போய்ச் சேரும் வரைக்கும் டிரைவருக்குச் சுத்தத் தமிழ் படிப்பித்துக்கொண்டே வந்தார். டிரைவரும் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றுவிட்டு, இறங்கும்போது என்னிடம் குனிந்து, "பாப்பா, அப்பா என்ன சொன்னாரு?" என்றார்.

அந்தக் கோயில்களைப் பற்றி எழுத எனக்குப் படிப்புக் காணாது. கொழும்பில் எங்கள் கோயில்கள் கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும். அங்கே கோயில்தான் ஊர், மனுஷர் அதன் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு இருக்கிறார்கள். பெரிய கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து நொந்தது. மத்தியான வெயிலில் கல் சுட்டு, நானும் சின்னம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு நிழலுக்கு நிழல் ஓடினோம். சிதம்பரத்தில் திரை விலகியபோது அம்மா பாடத் தொடங்கிய தேவாரத்தை முடிக்க முடியாமல் அழுதார். அம்மா எதைக் கேட்டு அழுதார் என்பது வானில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சின்னம்மா மட்டும் எங்கே போனாலும் டிரைவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "தம்பி, இஞ்சை வயலுக்குள்ளை புத்தர் சிலை இருக்காமே, தெரியுமோ?"

"இருக்கும்மா. என் சம்சாரம் ஊருக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு. திருவாரூர் தாண்டிப் போறப்ப காட்டுறேன்."

திருமணஞ்சேரியில் மண்டபம் நிறையக் கலியாணம் ஆகாதவர்கள் வரிசையாக நிலத்தில் இருந்தார்கள். தலை நரைத்த மாப்பிள்ளைகளும் இருந்தார்கள், சின்னப் பெட்டைகளும் இருந்தார்கள். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு தாயோ தகப்பனோ, பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்பது போல நின்றார்கள். குருக்கள் சின்னம்மாவின் பெயரும் நட்சத்திரமும் கேட்டு அர்ச்சனை செய்து, சாமிக்குச் சாத்திய மாலை ஒன்றை அவர் கழுத்தில் போடக் கொடுத்தார். கூடவே ஒரு எலுமிச்சம்பழம். அதை மறுநாள் காலையில் சாறு பிழிந்து, உப்பும் சீனியும் சேர்க்காமல் குடிக்க வேண்டும். மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி அறையில் பத்திரமாக வைக்க வேண்டும், வாடினாலும் எறியக்கூடாது. கலியாணம் முடிந்ததும் புருஷனோடு வந்து அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா குருக்களை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

சின்னம்மா அப்போதுதான் கேட்டார். "ஐயா, மாலையைத் திருப்பிக் குடுக்கிற ஆக்கள் எல்லாரும் கட்டினவையோ?"

குருக்கள் சிரித்தார். "கல்யாணம் ஆனவாதாம்மா திருப்பிக் கொடுப்பா. ஆகாதவாளுக்கு வாங்கிண்டு போறதுதான் வேலை."

மாலை ஒரு பையில் சின்னம்மாவின் மடியிலேயே வந்தது. அம்மா மணிக்கொரு தரம் எட்டி அதில் தண்ணீர் தெளித்தார். அடுத்த நாள் காலையில் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தபோது, "வயிறு சரியில்லை அக்கா, நாளைக்குக் குடிக்கிறன்" என்றார் சின்னம்மா. அம்மாவின் முகம் கறுத்தது. பழத்தைத் திருப்பி மாலைப் பைக்குள்ளேயே வைத்தார்.

அன்று வெயில் ஏறிய நேரம், டிரைவர் சொன்னபடியே வானை ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். அம்மாவுக்குக் கால் வீங்கி இருந்ததால் இறங்கவில்லை. அப்பாவும் டிரைவரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். நானும் சின்னம்மாவும் வயல் வரம்பில் நடந்தோம். பையையும் அவர் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

வேப்பமரத்தடியில் அவர் இருந்தார். கூரை இல்லை, விளக்கு இல்லை. கருங்கல்லில் கண்மூடி, மடியில் கை வைத்துச் சம்மணம் கட்டி இருந்தார். மூக்கு நுனி உடைந்திருந்தது. நெற்றியில் யாரோ திருநீறு பூசி, குங்குமமும் வைத்திருந்தார்கள். கொழும்பில் போதிமரத்தடியில் வெள்ளை வெளேரென்று பார்த்த புத்தர், இங்கே எங்கள் ஆள் மாதிரி இருந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "எங்க ரிஷி சாமி தாயி. மழை இல்லேன்னா இவரத்தான் குளிப்பாட்டுவோம். கேட்டா குடுப்பாரு" என்றார்.

சின்னம்மா செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலில் இருந்தார். நான் போய் அவருக்கு வலப்பக்கத்தில் இருக்கப் போனேன். "அதிலை இருக்காதை பிள்ளை. இஞ்சாலை வா" என்று என்னைப் பிடித்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டார். அங்கே எறும்பு இருக்குதாக்கும் என்று நினைத்தேன். ஒரு ஆள் இருக்கும் அளவுக்கு இடம் விட்டு, கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டார். பிறகு பையைத் திறந்து மாலையை எடுத்தார். அதைத் தன் கழுத்தில் ஒருமுறை போட்டார். உடனே கழற்றி, எட்டி, புத்தரின் கழுத்தில் போட்டுவிட்டார். ஒரு நாள் வாடிய மாலை. ஆனாலும் அந்தக் கல்லுக்கு அது நல்ல வடிவாக இருந்தது.

"பாவம் சின்னம்மா, இவருக்கு ஒரு மாலைகூட இல்லை, என்ன?" என்றேன்.

"ஓம் பிள்ளை" என்றார். திரும்பி நடக்கும்போது என் கையை நோகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

நாகப்பட்டினத்தில் லொட்ஜ் அறையில் தண்ணீர் தெளிக்கவென்று பையைத் திறந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். உள்ளே எலுமிச்சம்பழம் மட்டும் கிடந்தது.

"எடியே, மாலை எங்கை?"

"குடுத்திட்டன் அக்கா."

"ஆருக்கு?"

"சாமிக்கு."

"எந்தச் சாமிக்கு?"

சின்னம்மா யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கடலுக்கு அங்காலேதான் எங்கள் நாடு என்று அப்பா கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் எனக்குக் காட்டியிருந்தார். வேப்பமரத்தடிப் புத்தருக்கு என்று நான்தான் சொன்னேன். அம்மா அப்பாவிடம் ஓடினார், வானைத் திருப்பச் சொல்லுங்கோ, இப்பவே போய் எடுத்துக்கொண்டு வருவம் என்று. டிரைவர் தலையைச் சொறிந்தார். "சாமி கழுத்துல போட்டத எடுக்கலாமாம்மா? எனக்குப் பயமா இருக்கு."

"விடும்" என்றார் அப்பா. "சாமி சாமிதானே."

அம்மா கட்டிலில் இருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு வாடிய மாலைக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு அதிசயமாக இருந்தது. கோயில் வாசலில் எத்தனையோ மாலை விற்கிறார்களே, இன்னொன்று வாங்கலாமே அம்மா என்று ஆறுதலும் சொன்னேன். அம்மா அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கொழும்புக்கு வந்த பிறகு சாமித் தட்டில் வைத்தார். சின்னம்மாவிடம் குடி என்று சொல்லவுமில்லை, எறியவுமில்லை. அதற்குப் பிறகு தரகர் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை.

சின்னம்மா கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். என் பிள்ளைகளையும் அவர்தான் தூக்கி வளர்த்தார். புத்தருக்கான வெசாக் பண்டிகை வந்தால் மூங்கில் கட்டி வெள்ளைக் காகித விளக்குக் கூடு ஒன்று செய்து பல்கனியில் தொங்கவிடுவார். அவர் போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. போன தையில் நானும் என் அவரும் அதே கோயில்களுக்குப் போய் வந்தோம். அந்த வேப்பமரத்தடியைத் தேடினேன். ஊரின் பெயரைக் கேட்டு வைக்காததால் டிரைவருக்கு எப்படிச் சொல்லிக் காட்டுவதென்று தெரியவில்லை. ஒவ்வொரு வரம்பும் அது மாதிரியே இருந்தது. வானின் கண்ணாடியில் நெற்றியை வைத்து, நாகப்பட்டினம் வரும் வரைக்கும் வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்போதெல்லாம் மனதில் ஓடியது ஒரு பின்னேரம். நாங்கள் இந்தியாவால் திரும்பி வந்து, சின்னம்மா வேலைக்குப் போன முதல் நாள். வழமைபோல அய்யேயும் அவரோடு இறங்கினார். பாண் வாங்கவென்று சின்னம்மா மூலையில் இருந்த பேக்கரிக்குள் போனார். எனக்குப் பயணப் புதினங்களைச் சொல்ல நல்ல தருணம்.

"அய்யே, புத்தரைக் கண்டனாங்கள்" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில். "சின்னம்மா தன்ரை மாலையை அவருக்குப் போட்டிட்டா."

அவர் குனிந்தார். "எந்த மாலை நங்கி?"

"கலியாண மாலை. கோயிலிலை குடுத்தது. கட்டின ஆக்கள்தான் அதைத் திருப்பிக் குடுக்கிறதாம், ஐயர் சொன்னவர். சின்னம்மா கட்டாமலே குடுத்திட்டா!"

அய்யே நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே திரும்பப் போட்டார். கடை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். டொபி தரவும் மறந்துபோனார். அந்த நேரம் கல்கிசை பஸ் ஒன்று வந்து நின்றது. வீதியைக் கடக்க வேண்டிய மனுஷர், அதே பக்கத்தில், அந்தப் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்.

"அய்யே, அது கல்கிசை போகுது!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னம்மா வெளியே வந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சின்னம்மா, அய்யே பிழையான பஸ்ஸிலை ஏறிட்டார்! பொரளை ஆள் கல்கிசைக்குப் போறார்!"

"என்ன சொன்னனீ அவருக்கு?"

சொன்னேன், சிரிப்புக்கு நடுவே, ஒன்றும் விடாமல்.

சின்னம்மா அந்தப் பஸ் தெஹிவளைப் பக்கம் மறையும்வரை பார்த்தார். பிறகு, சூடு ஆறாத பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான் சிரித்து முடியட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.