பஞ்சுவின் மாமா

இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பவர் அவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘ரீடிங் சார்’. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வாசல் ஏறி இறங்குவார். கதவைத் திறப்பவர்கள் மீட்டர் இருக்கும் பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. நின்று நிதானமாகப் பார்த்தவை நாய்கள்தான். அவற்றில் இரண்டு, கெண்டைக்காலில் தழும்பு போட்டே அனுப்பின.

அதனால்தான் அக்கா ஒரு வெள்ளைக் குட்டியைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவர் நாற்காலிமேல் ஏறி நின்றார்.

“கடிக்காதுடா. கடிச்சாலும் உனக்கு உறைக்கவா போகுது,” என்றாள் அக்கா. முடி தரையைக் கூட்டுகிற அந்தக் குட்டிக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தாள்.

இருவருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. அக்கா நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த இரண்டறை வீட்டில் ஒன்றாக இருந்து இருந்து, இருவருக்கும் பேச விஷயமே தீர்ந்துபோயிருந்தது. பஞ்சு வந்தபின் அக்கா அதனிடம் பேச ஆரம்பித்தாள். அவருக்கான சேதியும் அந்த வழியாகவே வரும். மாலையில் அதை மடியில் போட்டுச் சீவிக்கொண்டே, “பஞ்சு, உங்க மாமா இன்னைக்கும் குடையை ஆபீஸ்லயே விட்டுட்டு வந்திருக்கார் பாரு,” என்பாள். “சாப்பாடு ஆறுதுன்னு மாமாகிட்ட சொல்லு.” மாமா பேசாமல் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார். ஒன்பது வருடம் இப்படி ஓடியது. அத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் பஞ்சுவைத் தொட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா குளியலறையில் விழுந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் போனபின் வீட்டில் அவரும் நாயும்தான் மிச்சம். வேளாவேளைக்குச் சோறு வைத்தார், வெளியே கூட்டிப்போனார். சீவ மட்டும் கை வரவில்லை. இரண்டு மாதத்தில் முடி சிக்கு விழுந்து, காதுக்குப் பின்னாலும் காலிடுக்கிலும் சடை பிடித்தது. பஞ்சு ஓயாமல் சொறிந்தது. அப்புறம் நடப்பதையே குறைத்துக்கொண்டது. ஒருநாள் கிட்டே குனிந்தபோது வாடை அடித்தது. மறுநாளே சோற்றைக் காட்டிக் கூடைக்குள் ஏறவைத்து, நாய்களுக்கு முடி வெட்டும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

கடைக்காரப் பெண் நோட்டைத் திறந்தாள். “பேரு?”

“பஞ்சு.”

“நீங்கதான் வளர்க்கிறீங்களா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “நான் மாமா.”

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தவள், அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு பஞ்சுவை மேசைமேல் நிறுத்தித் தடவிப் பார்த்தாள். “சீவி எடுக்கிற கட்டம் தாண்டிடுச்சு சார். ஒட்ட வெட்டணும்.”

“எங்கக்கா தினமும் சீவின முடிம்மா. கொஞ்சம் விட்டு வெட்ட முடியாதா?”

அவள் சடையை விலக்கிக் காட்டினாள். அடியில் தோல் செக்கச்செவேலென்று கசிந்துகொண்டிருந்தது. “இதோட எப்படித்தான் இருந்துச்சோ. தொட்டா உங்களைக் கடிக்க வரலையா?”

“நான் தொட்டதே இல்லம்மா.”

அவள் விலக்கிய சடையை மெல்லப் பழையபடி மூடினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. “வெட்டிடும்மா,” என்றார்.

முடி கம்பளம்போல ஒரே பாளமாகக் கழன்று வந்தது. உள்ளேயிருந்து அணில் மாதிரி ஒன்று நடுங்கிக்கொண்டு நின்றது. திரும்பும் வழியில் தெருமுனை மளிகைக்காரர், “என்ன சார், பஞ்சைக் கொண்டுபோய்த் திரியா வாங்கிட்டு வரீங்க?” என்றார். அவரும் சிரித்தார். நாலடி தள்ளிப் போனதும் கண்ணில் தண்ணீர் முட்டியது.

காலையும் மாலையும் புண்ணுக்குக் களிம்பு பூச வேண்டும். தரையில் உட்கார்ந்து பஞ்சுவைக் காலருகே இழுத்துக்கொண்டார். அது உடம்பை விறைத்துக்கொண்டது. அவர் விரல் நுனியால் மட்டும் பூசிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். யாருக்கு யார் பயப்படுகிறார்கள் என்று சொல்ல முடியாது. மூன்றாவது வாரம், பூசி முடிப்பதற்குள் அவர் காலிலேயே சாய்ந்து தூங்கிவிட்டது. கால் மரத்துப்போனது. அவர் அசையவில்லை.

முடி வளர வளரச் சீவவும் பழகிக்கொண்டார். முதலில் பாதம், பிறகு வயிறு. இழுபடாமல் வேரை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத் துணியால் கண்ணோரம் துடைக்கும்போதுதான் கருவிழியில் பால் படர்ந்திருப்பதைக் கவனித்தார்.

“வயசாகுது சார், பார்வை போய்க்கிட்டிருக்கு,” என்றார் கால்நடை மருத்துவர். “வீட்டுச் சாமானை இடம் மாத்தாதீங்க. அப்புறம், வாய் ஓயாம பேசிக்கிட்டே இருங்க. சத்தத்தை வச்சுத்தான் நீங்க எங்க இருக்கீங்கன்னு அது கண்டுபிடிக்கும்.”

அக்காவின் கட்டிலைக் கட்டடக் காவலாளி கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எடுக்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, “இப்ப வேணாம்பா. பஞ்சு கட்டில் காலை அடையாளமா வச்சுத்தான் திரும்புது,” என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

பேசுவதுதான் பெரும்பாடாக இருந்தது. முதல் நாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் அடுப்புகிட்ட இருக்கேன்,” என்றார். காலி வீட்டில் அவர் குரல் அவருக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் அன்று ஏறி இறங்கிய வாசல்களைச் சொல்ல ஆரம்பித்தார். பச்சை கேட் வீட்டில் ஆள் இல்லை. மாடி வீட்டுக்காரர் மீட்டர் பெட்டியில் குளவி கூடு கட்டியிருக்கிறது. அடுத்த தெருவில் ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

கூடத்தில் படுத்திருந்த பஞ்சு தலையை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. அவர் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே மீதி வீடுகளையும் சொல்லிக்கொண்டிருந்தார்.