விவாகரத்துக்காக நடந்த கல்யாணம்

என் அத்தை மகன் தன் அப்பா அம்மா கல்யாணத்தை முன்னால் உட்கார்ந்து பார்த்தவன். பள்ளிக்கூடத்தில் அதை அவன் பெருமையாகச் சொன்னபோது, பொய் சொல்கிறான் என்று வாத்தியார் அவன் காதைத் திருகினார். நான் எழுந்து, இல்லை சார், நானும் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டேன் என்று சாட்சி சொன்னேன். என் காதும் சிவந்தது.

அறுபதுகளின் நடுவில் நடந்த சங்கதி இது. நாங்கள் சிதம்பரத்தில் இருந்தோம். அப்பாவுக்கு மேலவீதியில் பாத்திரக்கடை. அவருடைய ஒரே தங்கையான என் அத்தையைக் கடலூர் முதுநகரில் கொடுத்திருந்தது. மாமா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். நெய்வேலி, பண்ருட்டி, எங்கே கூட்டம் என்றாலும் கடையைப் பூட்டிக்கொண்டு கறுப்புச் சட்டையோடு கிளம்பிவிடுகிற சுயமரியாதைக்காரர். அவர்கள் கல்யாணமும் அப்படித்தான் நடந்திருந்தது. ஐயர் இல்லை, ஹோமம் இல்லை. மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பெண்ணடிமையைப் பற்றி ஆறேழு பேர் பேசி, கடைசியில் மாலை மாற்றிக்கொண்டார்கள். கடைசிப் பேச்சாளர் இறங்குவதற்குள் சாம்பார் ஆறிப்போய்விட்டது என்று அம்மா சொல்வாள். மாப்பிள்ளைப் பையன் தங்கமானவன் என்பதால் தாத்தா முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தாராம்.

அந்தத் தாத்தா இறந்தபோதுதான் வந்தது வினை. மாமா தகவல் கிடைத்ததும் கடலூரிலிருந்து சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார். பாடை கட்டினார். சுடுகாடு வரை தோள் மாற்றாமல் தூக்கினார். ஆனால் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது மட்டும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றுவிட்டார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அத்தையும் பார்த்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அவள் கடலூருக்குத் திரும்பவில்லை. தன் அப்பாவுக்கு ஒரு பிடி அரிசி போடாதவரோடு இனி வாழ முடியாது, கோர்ட்டில் தீர்த்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

வீட்டில் அடுப்பு எரிந்தாலும் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எனக்கு மட்டும் ஏகக் கொண்டாட்டம். அத்தை மகனை என் வகுப்பிலேயே சேர்த்துவிட்டிருந்தார்கள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. சண்டை போடவும் பங்கு போடவும் வீட்டுக்குள்ளேயே ஓர் ஆள் கிடைத்தது அதுதான் முதல் தடவை. விவாகரத்து என்றால் என்னவென்று தெரியாது. அது கிடைத்தால் அவன் இங்கேயே இருப்பான் என்று தெரியும். அது போதுமாக இருந்தது. தில்லைக்காளியிடம் நான் மனமுருகி வேண்டிக்கொண்டது அந்த விவாகரத்துக்காகத்தான்.

ஒரு சனிக்கிழமை எல்லாரும் கடலூருக்குப் போனோம். மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் வீடு. மாமாவும் வந்திருந்தார். என் கையிலும் மகன் கையிலும் ஆளுக்கொரு பொட்டலம் முந்திரிப்பருப்பைத் திணித்தார். அவன் அதைத் தின்ன வெளித்திண்ணைக்குப் போய்விட்டான். அத்தையைப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டார். அத்தை சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, ஆச்சு என்றாள்.

வக்கீல் பருத்த மனிதர். வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு பேசுவார். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, யார் தலைமை, யார் முன்னிலை, யார் வாழ்த்துரை என்று விவரமாகச் சொன்னார். அக்னி வளர்த்தீர்களா, அதைச் சுற்றி ஏழு அடி வைத்தீர்களா என்று வக்கீல் கேட்டார். மாமா சிரித்து, அதெல்லாம் ஒழிக்கத்தானே எங்கள் கல்யாணமே என்றார்.

வக்கீல் எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அப்ப கோர்ட்டுல போட ஒண்ணுமில்லீங்க. சட்டத்துக் கண்ணுல உங்களுக்குக் கல்யாணமே ஆகலை. ஆகாத கல்யாணத்த எப்படி ரத்து பண்றது? அவுங்கவுங்க வீட்டுக்குப் போயிடலாம்."

அப்பாவுக்கு முதலில் நிம்மதியாகக்கூட இருந்திருக்க வேண்டும், செலவில்லாமல் முடிந்ததே என்று. மாமாவின் முகம்தான் தொங்கிப்போனது. ஊரே பார்த்த கல்யாணம் எப்படி ஆகாமல் போகும் என்று வக்கீலோடு வாதாட ஆரம்பித்தார். மேடையில் பேசுவதைப் போலக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.  அத்தை மெதுவாக, நேராக மாமாவைப் பார்த்துக் கேட்டாள்.

"சட்டம் தப்பாவே இருக்கட்டும். அப்ப இத்தினி வருஷம் நான் உங்களுக்கு யாரு? வெளிய உக்காந்து முந்திரி தின்னுதே, அந்தப் புள்ளைக்கு என்ன பேரு?"

மாமாவின் கை அப்படியே நின்றது. 

அத்தை வக்கீல் பக்கம் திரும்பினாள். அந்த ஏழு அடியை இப்போது வைத்தால் செல்லுமா என்று கேட்டாள். தாராளமாகச் செல்லும் என்றார் அவர். சரி, முதலில் முறைப்படி கல்யாணம், அப்புறம் முறைப்படி விவாகரத்து என்றாள் அத்தை.

"போறதா இருந்தா பொண்டாட்டியா இருந்துட்டுத்தான் போவேன்."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மாமா திண்ணைப் பக்கம் மகனை எட்டிப் பார்த்துவிட்டு, புள்ளைக்காகச் சரி என்றார்.

இப்படியாக என் அத்தைக்கு இரண்டாவது தடவையாகக் கல்யாணம் நிச்சயமானது, அதே மாப்பிள்ளையோடு. கீழவீதிச் சத்திரத்தில் ஒரு கூடம் பிடித்தார்கள். சொந்தக்காரர்களை எப்படி அழைப்பது என்று அப்பாவுக்குப் பெரிய குழப்பம். கடைசியில் யாரையும் அழைக்கவில்லை, ஆனால் எல்லாரும் வந்துவிட்டார்கள். தீர்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு எதற்கு நாயனம் என்று அப்பா வேண்டாமென்று சொல்லியிருந்தார். பக்கத்துக் கூடத்தில் வேறொரு கல்யாணம் நடந்ததால் அந்த நாயனம் எங்களுக்கும் கேட்டது. சமையல்காரருக்கு விவரம் தெரியாது. அவர் மனம்விட்டுச் சமைத்திருந்தார். ஜாங்கிரி இருந்தது. நானும் அத்தை மகனும் பந்திக்கு முன்பே இரண்டிரண்டு தின்றோம்.

மாமா வந்து இறங்கினார். எல்லாரும் அப்படியே பார்த்தோம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. நெற்றியில் மெல்லிதாகத் திருநீறுகூட இருந்தது. யாரும் அவரை அப்படி வரச் சொல்லியிருக்கவில்லை. அசல் மாப்பிள்ளையைப் போல இருந்தார். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் மாதிரி வாசற்படியிலேயே நின்றார்.

அத்தை மணையில் உட்கார்ந்திருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தச் சட்டை எங்க?"

பையில் இருக்கிறது, திரும்பிப் போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துவந்தேன் என்றார் மாமா.

"போய் அதையே போட்டுக்கிட்டு வாங்க. நெத்தியத் தொடச்சிடுங்க. எனக்கு இவரு யாரோ மாதிரி இருக்காரு."

ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, சமித்தை உடைக்கத் திரும்பிக்கொண்டார். மாமா கறுப்புச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். மந்திரத்தின்போது வாயை இறுக மூடிக்கொண்டார். ஆனால் ஐயர் பெண்ணுடைய தகப்பனார் பெயரைக் கேட்டபோது, அப்பா பதில் சொல்வதற்குள் மாமா முந்திக்கொண்டு தாத்தாவின் பெயரைச் சொன்னார். சத்தமாக, பக்கத்துக் கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஒவ்வோர் அடியாக வைத்தார். சாட்சிக்கு இருந்த வக்கீல் குமாஸ்தா வாய்விட்டு எண்ணினார். சட்டம் குறை சொல்ல வழியில்லாத கல்யாணம் அது.

மறுவாரமே மறுபடியும் மஞ்சக்குப்பம். இப்போது மனுப் போடலாமா என்று அப்பா கேட்டார். வக்கீல் கல்யாணத் தேதியைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகாமல் விவாகரத்து மனுவைக் கோர்ட்டில் வாங்கவே மாட்டார்களாம். தாங்க முடியாத கொடுமை என்றால் மட்டும் விலக்கு உண்டாம். இவர் அடித்தாரா, குடித்தாரா என்று அத்தையைக் கேட்டார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. இவரா, ஒரு ஈயைக்கூட விரட்ட மாட்டாரே என்றாள். இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்பா கேட்டார். நீங்கள் கல்யாணத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள் என்றார் வக்கீல்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் எல்லாரும் நின்றோம்.  மாமாதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மச்சான், எங்க இருந்தாலும் மூணு வருஷம் மூணு வருஷந்தான். முதுநகர்லயே இருந்து காத்திருக்கலாமே. கோர்ட்டும் கிட்டக்க இருக்குது."

அத்தை யோசித்தாள். பஸ் செலவு ஜாஸ்தி ஆகிறது, அதுவும் சரிதான் என்றாள். அன்றைக்கு நாங்கள் மட்டும் சிதம்பரம் திரும்பினோம். அத்தை மகனின் துணிமணிகளை மறுநாள் அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். தில்லைக்காளி கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு, மூன்று வருஷம்தானே என்று தேற்றிக்கொண்டேன்.

அந்த மூன்று வருஷம் முடிகிற சமயத்தில் ஆட்சி மாறிவிட்டது. சுயமரியாதைக் கல்யாணமும் செல்லும், முன்பு நடந்ததும் செல்லும் என்று சட்டமே வந்துவிட்டது. விடுமுறைக்கு நாங்கள் முதுநகர் போயிருந்தபோது மாமா தெரு முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தனக்கு ஒரே ஆளோடு இரண்டு கல்யாணம் செல்லுபடியாகிவிட்டதாக அம்மாவிடம் அலுத்துக்கொண்டாள். முகத்தில் அலுப்பு இல்லை.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூணு வருஷம் ஆயிடுச்சே அத்தை, எப்ப கோர்ட்டுக்குப் போறீங்க என்று கேட்டேன். அம்மா என்னை முறைத்தாள். தெருவிலிருந்து வந்த மாமா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அத்தை மீனைத் திருப்பிப் போட்டுச் செதிலைச் சுரண்டினாள்.

"போவணும்டி. இந்த வருஷம் முடியாது, வீட்டுக்கு ஓடு மாத்தணும்."

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஓடு மாற்றுவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர்களுக்கு வேலைகள் வந்துகொண்டேதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த லீவுக்குப் போனபோது ஓடெல்லாம் மாற்றியிருந்தது. மறக்காமல் மறுபடியும் கேட்டேன்.