ஆறாவது கம்பி

சுருட்டிக் கசக்கிய கம்பியை வெந்நீர்க் குவளைக்குள் போடுகிறார். அது துள்ளி, பழையபடி நேராகிவிடுகிறது. "பாத்தீங்களா? சூடு பட்டா தன் வடிவத்துக்கு வந்துடும். எங்க வீட்டுக்காரர் மாதிரிதான். எவ்வளவு திருத்தினாலும் பழைய ஆளாவே நிப்பாரு."

ஆய்வுக்கூடத்தில் இவர் எல்லாருக்கும் 'கம்பி அக்கா'. பத்தொன்பது வருடமாகக் கம்பிகளை வளைத்துச் சோதிப்பதுதான் வேலை. இதயக் குழாய்க்குள் வைக்கும் வலைக்கான கம்பி. உள்ளே போய் முறிந்தால் ஆள் காலி. அதனால் இயந்திரம் அதை வினாடிக்குப் பத்து முறை வளைத்து நிமிர்த்துகிறது, ஒரு கோடி முறை. பன்னிரண்டு நாள் ஆகும். மோதிரக் கையோடு யாராவது பக்கத்தில் போனால் தொலைந்தார்கள். "சின்னக் கீறல் போதும் சார், அங்கேருந்துதான் முறியும்" என்று, கட்டுரை எழுதப் போயிருந்த என் கைக்கடிகாரத்தையும் கழற்ற வைத்துவிட்டார். திருப்பிக் கேட்கவே எனக்குப் பயம்.

சூளையில் வைக்கும் நேரத்தைக் குறைத்துக் கம்பியை வலுவாக்கும் முறை, அங்குள்ள ஒரு பொறியாளர் பெண்ணின் இரண்டு வருட உழைப்பு. அப்படிச் செய்த ஆறு கம்பிகளும் கோடி முறையைத் தாண்ட வேண்டும், ஒன்று போனாலும் திட்டத்தை மூடிவிடுவேன் என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். ஐந்து தாண்டிவிட்டன. ஆறாவது, நான்காம் நாளே பட்டென்று முறிந்தது. நாற்காலியில் உட்கார்ந்த அந்தப் பெண் எழவேயில்லை.

அக்கா முறிந்த முனையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். "அடக் கடவுளே!" முறிவு தொடங்கிய இடத்தில் வரிவரியாக மூன்று இடுக்கிப் பல் தடங்கள். கம்பியைப் பிடிக்கும் இடுக்கிக்கு ரப்பர் உறை போட வேண்டும். ஆறாவது கம்பியை மாட்டிய அன்று உறை கிழிந்திருந்தது. ஒரு நிமிட வேலைதானே என்று வெறும் இடுக்கியால் பிடித்தவர் அக்காவேதான்.

"இத்தனை வருஷத்துல என் கைமேல ஒரு குத்தம் கிடையாது சார்" என்றார் என்னிடம். "பேசாம இருந்துட்டா யாருக்கும் தெரியாது. ஆனா பாவம், பழி அந்தப் பொண்ணு தலையில விழும்."

மேலாளர் உள்ளே வந்தார். "என்னக்கா, கம்பியே சரியில்லைன்னு எழுதிடட்டுமா?" அறிக்கைத் தாளை மேசையில் விரித்து, பேனாவைத் திறந்தார்.

அக்கா நுண்ணோக்கியின் திரையை அவர் பக்கம் திருப்பினார். பிறகு மேலங்கிப் பையிலிருந்து தன் இடுக்கியை எடுத்து, எழுத முடியாதபடி அந்தத் தாளின்மேல் வைத்தார்.