கூட்டினா எட்டு வருது

எனக்குக் கோவம் வந்தா முதல்ல வயிறுதான் எரியும். இதைச் சொல்ல ஆரம்பிக்கறப்போ இப்பவும் எரியுது.

கல்யாணம் ஆகி அப்ப நாலு வருஷம். அதுல நானும் அவரும் ஒரே வூட்ல இருந்தது கூட்டிக் கழிச்சுப் பாத்தா ஒரு வருஷம் தேறாது. அவருக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை. எனக்கு சென்னையில, கம்ப்யூட்டர் கேம் செய்யற ஆபீஸ்ல வேலை. சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை பஸ் ஏறுறதுக்குப் பேரு குடும்பமா? அந்த ஆபீசை இழுத்து மூடுனப்போ எல்லாரும் அழுதாங்க. நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு, அரியலூர் பக்கத்துல செந்துறைல இருக்கற எங்க வூட்டுக்கே வந்து சேந்துட்டேன். இனிமே வூட்லேர்ந்தே செய்யற வேலைதான், இந்த மனுசன விட்டுட்டு எங்கயும் போறதில்லைன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிக்கிட்டேன்.

ஏழு மாசம் தேடினேன். ஒரு நாய் சீந்தலை. கடைசியா பெங்களூர்ல ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே வேலைன்னு விளம்பரம் போட்டிருந்தாங்க. ஆனா முதல்ல சோதனைக்கு, கேமுக்குள்ள ஆள் நடமாடற மாதிரி ஒரு உலகம் செஞ்சு அனுப்பணும்.

உலகம்னா, மலையையும் மரத்தையும் ஒண்ணொண்ணா உக்காந்து வரையறது இல்ல. விதியை மட்டும் எழுதணும். மேடு எப்படி எழும்பும், தண்ணி எங்க தேங்கும், எந்த மண்ணுல எந்த மரம் மொளைக்கும், அவ்வளவுதான். பாட்டும் அப்படித்தான். மேட்டுல ஏறினா ஸ்வரம் ஏறணும், தண்ணிகிட்ட போனா எறங்கி மெதுவா நடக்கணும். அப்புறம் ஒரு எண்ணைக் குடுத்தா, கம்ப்யூட்டர் அதை வெச்சு முழு உலகத்தையும் பாட்டையும் தானே உண்டாக்கிடும். அதே எண்ணைக் குடுத்தா அதே உலகம் திரும்ப வரும். ஒண்ணு கூட்டிக் குடுத்தா பக்கத்துத் தெரு வரும்னு நெனச்சுராதீங்க. சம்பந்தமே இல்லாத வேற உலகம் வரும்.

நூத்துக்கணக்குல எண் போட்டுப் பாத்தேன். ஒண்ணுல மரமெல்லாம் பாறைக்குள்ள மொளைச்சு நிக்குது. இன்னொண்ணுல ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டின குழியாட்டம் எங்க பாத்தாலும் பள்ளம். பாட்டைக் கேக்கவே வேணாம், ஒண்ணு கொழந்தையக் கிள்ளிவிட்ட மாதிரி, ஒண்ணு மிக்ஸில கல்லு மாட்டின மாதிரி. தலையில தலையில அடிச்சுக்குவேன். படிச்ச படிப்பென்ன, பாக்கற வேலையென்னன்னு எம்மேலயே ஆத்திரமா வரும்.

40715 போட்டப்பதான் வந்துச்சு. ஒரு குன்று, அது மேல கோட்டை. சென்னை பஸ் பெரம்பலூர் சுத்திப் போறப்பெல்லாம் ஜன்னல்ல தெரியுமே ரஞ்சன்குடிக் கோட்டை, அந்தச் சாடை. கீழ ஏரி. கரையிலேர்ந்து நடக்க ஆரம்பிச்சேன். பாட்டும் அடியிலேர்ந்து கெளம்பி, கோட்டை வாசல் வரைக்கும் கூடவே ஏறி வந்துச்சு. விதி நான் எழுதினது, ஆனா அந்தப் பாட்டை நான் எழுதலை. வாயைப் பொத்திக்கிட்டு அழுதுட்டேன்.

அனுப்ப வேண்டிய கடைசி நாள் எனக்குச் சரியான காய்ச்சல். செந்துறையில நெட்டு வேற அன்னைக்குப் பாத்து படுத்துருச்சு. பென் டிரைவை அவருகிட்ட குடுத்து, கடையிலேர்ந்து அனுப்பச் சொன்னேன். கம்பெனி பாரத்துல எண்ணை ஒரு கட்டத்துல நிரப்பணும், அவங்க அதைப் போட்டுத்தான் ஓட்டிப் பாப்பாங்க. அதையும் சீட்டுல எழுதிக் குடுத்தேன். சாயங்காலம் வந்து, “பக்காவா அனுப்பிட்டேன்டி, நிம்மதியாத் தூங்கு”ன்னாரு. தூங்கினேன்.

ரெண்டு வாரம் கழிச்சு கம்பெனிலேர்ந்து ஒரு மேடம் கூப்பிட்டாங்க. “உங்க உலகத்துல எறங்கினா தண்ணிக்கடியில நிக்கறோம். எந்தப் பக்கம் போனாலும் தண்ணி. பாட்டு ஒரே ஸ்வரத்துல இழுத்துக்கிட்டே இருக்கு. இதையா அனுப்பினீங்க?” பாரத்துல என்ன எண் இருக்குன்னு கேட்டேன். 40716ன்னாங்க.

சாயங்காலம் அவரு வந்ததும் செருப்பைக் கழட்டக்கூட விடலை. “என்னங்க எண் போட்டீங்க?”

“அதுவா, கூட்டிப் பாத்தேன், எட்டு வருது. நல்ல காரியத்துக்கு யாராவது எட்டை வெப்பாங்களா? சனிடி அது. அதான் கடைசில ஒண்ணே ஒண்ணு ஏத்திவிட்டேன், ஒம்போதாயிடுச்சு.” மொகத்துல அப்படியொரு பெருமை. புது வண்டி எடுத்து ஜெராக்ஸ் போட வர்றவங்களுக்கெல்லாம் நம்பரைக் கூட்டிச் சொல்றவரு ஆச்சே. எட்டு வந்தா மாத்திக்கங்கன்னு ஊருக்கே புத்தி சொல்லி அனுப்புவாரு.

“அடப்பாவி மனுசா! அது என்ன வண்டி நம்பரா?” கையில இருந்த கரண்டி செவுத்துல போய் விழுந்துச்சு. “ஒண்ணுதானடி கூட்டினேன்”னு மறுபடி மறுபடி சொன்னாரு. அந்த ஒண்ணுல என் குன்றும் கோட்டையும் போயிடுச்சுன்னு எப்படிச் சொல்லி அவருக்குப் புரிய வைக்கறது? ஒரு வாரம் சோறு போட்டேன், பேசலை.

சண்டை போட்ட மறுநாளே மேடத்துக்கு நடந்ததைச் சொல்லி, சரியான எண்ணை அனுப்பினேன். ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டாங்க. “பாத்தோம். ரொம்ப அழகா இருக்கு. அந்தப் பாட்டை ரெண்டு தடவை கேட்டோம்.” எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. அப்புறம் சொன்னாங்க, “ஆனா ஒரு எண் மாறினதும் உங்க உலகம் முழுகிடுச்சே. ஆளைத் தண்ணிக்குள்ள எறக்கக் கூடாதுன்னு ஒரு விதி எழுதியிருந்தா போதும். எந்த எண்ணைப் போட்டாலும் உலகம் ஒழுங்கா நிக்கணும், அதுதானே இந்த வேலை?”

அந்த விதியை எழுதாம விட்டது அவரு இல்ல, நான். நல்லா வந்த ஒரு எண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, மத்ததெல்லாம் எக்கேடு கெட்டா என்னன்னு விட்டுட்டேன். ஒரு வாரமா அந்த மனுசன்கிட்ட காட்டின கோவத்தை இப்ப எங்க கொண்டு போய் வெக்கறதுன்னு தெரியலை.

“வேலை தர்றோம். ஆனா வீட்லேர்ந்து தனியாப் பாக்க விட முடியாது. ஒரு வருஷமாவது பெங்களூர் வந்து எங்ககூட உக்காந்து செய்யணும்”னாங்க. சரிங்க மேடம்னேன். வேற எவன் கதவைத் தொறந்தான், முடியாதுன்னு சொல்ல?

வேலை கெடச்சிருச்சு, பெங்களூர் போகணும்னு அவருக்குப் போன்ல சொன்னேன். கடையைப் பாதியில சாத்திட்டு, லட்டு டப்பாவோட வந்துட்டாரு. அக்கம்பக்கத்துல எல்லாம் குடுத்துட்டு, “எம்பொண்டாட்டிக்குப் பெங்களூர்ல வேலை”ன்னு சத்தமாச் சொல்லிட்டு, ஒரு லட்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டாரு.

எனக்குத் தாங்கலை. “இது வூட்லேர்ந்தே செய்யற வேலைன்னுதாங்க போட்டேன். உங்ககூட இருக்கணும்னுதான் போட்டேன்”னு கத்திட்டேன்.

மென்னுக்கிட்டிருந்த வாய் நின்னுது. “நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

சொல்லலைதான். கைகூடறதுக்கு முன்னாடி வாயை விட்டா நடக்காம போயிடுமோன்னு பயந்து, ஏழு மாசமா மூச்சு விடலை. இந்த லட்சணத்துல நான் அவரைத் திட்டினேன்.

டப்பாவை மூடிக் கீழ வெச்சாரு. “நான் என்னமோ, ஒனக்கு இந்த ஊரு புடிக்கலை, திரும்பப் போறதுக்குத்தான் நீ இவ்வளவு பாடுபடுறியோன்னு நெனச்சேன்”னாரு. “சரி, நீ ஆசைப்பட்டபடி நடக்கட்டும்னுதான்டி அந்த எட்டை மாத்தினேன்.”