மலரக்காவின் மரச்சுவரும் மச்சாளின் மரச்சுவரும்

இன்று எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு போன் கடையில் சிம் விற்கிற மரியமலர் அக்காவை. எனக்கு முன்னால் நின்ற பெண் ஒருவர், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேடு சரிந்து குசினி வாசல் முழுக்க மண் என்று போனில் யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தார். அக்கா சிம்மைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "மழைக்குத் தண்ணி எந்தப் பக்கத்தால வருது, பிள்ளை?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடையில் மேட்டு மண்ணைத் தாங்குகிற மரச்சுவரைப் பற்றித்தான் பேச்சு. வரிசையில் நின்ற ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கேட்ட சூடு ஆறுவதற்குள் ரெயிலில் இருந்தே இதைத் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரியமலருக்கு வீடு வில்நெவ்-சன்-ஜோர்ஜில். கார் து நோர் ஸ்டேஷனில் ஏறினால் ஒரே ரெயில். அங்கே ஒரு சரிவான தெருவில், தோளோடு தோள் ஒட்டிய மாதிரி இரண்டு வீடுகள். ஒன்றில் மரியமலரும் கணவர் மரியானும். மற்றதில் மரியமலரின் தம்பி யூலியனும், யூலியனின் மனைவி றெஜினாவும். இரண்டு வீட்டுக்கும் பின்னால் தோட்டம் மேல்நோக்கி ஏறுகிறது. நடுவில் இடுப்பளவு கம்பி வேலி. மழை பெய்தால் இரண்டு தோட்டத்து மண்ணும் வஞ்சகமில்லாமல் அவரவர் குசினி வாசலுக்கு இறங்கி வந்துவிடும். பல வருடமாக மரியமலருக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. தன் வாசலுக்கு வருகிற சேறு மச்சாள் வாசலுக்கும் வருகிறதே.

குறை தொடங்கியது மே மாதத்தால்.

மே எங்கள் வேதக்காரருக்கு வணக்க மாதம். மாதாவின் சுரூபம் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுக்குப் போகும். ஓல்னே, பொபினி என்று ஊரூராகச் சுற்றிச் சுற்றிச் செபமாலை நடக்கும். கடைசி நாள் மட்டும் எல்லாக் குடும்பமும் ஒரே வீட்டில் கூடிச் செபித்து, இருந்து சாப்பிட்டுப் போவார்கள். அந்தக் கடைசி நாள் ஆரம்பத்தில் இருந்தே மரியமலர் வீட்டில்தான். குசினிக்கும் மேட்டுக்கும் இடையில் இருந்த ஒடுங்கலான நிலத்தில், ஒருவர் காலை மற்றவர் மிதித்துக்கொண்டு எல்லாரும் நிற்பார்கள். நிற்கட்டும். அந்த ஒரு மாலைதான் மரியமலருக்கு வருடத்தில் கிறிஸ்மஸை விடப் பெரிய நாள்.

அப்படி இருக்கும்போது ஒரு மாசி மாதம் றெஜினாவும் யூலியனும் தங்கள் மேட்டை வெட்டத் தொடங்கினார்கள். றெஜினா விடியப்புறம் அலுவலகம் துப்புரவாக்கிவிட்டு, காலையிலேயே வீட்டுக்கு வந்துவிடுவார். யூலியனுக்குச் சாப்பாட்டுக்கடையில் மாலை வேலை. ஆகவே அவர்கள் வேலை செய்ததெல்லாம் கிழமை நாட்களின் பகலில். மரியமலரோ இருட்டோடு கடைக்குப் போய் இருட்டோடு திரும்புகிறவர். அவருக்கு ஞாயிறு மட்டும்தான் குசினி யன்னலால் பார்க்கக் கிடைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் சுவர் ஒரு படி உயர்ந்திருக்கும். தண்டவாளத்துக்குக் கீழே போடுகிற கட்டை மாதிரித் தடித்த சட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று. இடைக்கிடை சதுரமான மரத்தலைகள் முகப்பில் எட்டிப் பார்த்தன. தேன் நிறம். மரியமலர் திரைச்சீலையை இழுத்து மூடுவார். பிறகு மூடிய சீலையின் ஓரத்தை விலக்கிப் பார்ப்பார்.

பங்குனி முடிவதற்குள் றெஜினா வீட்டுக்குப் பின்னால் ஒரு முற்றம் பிறந்துவிட்டது. அதன் ஓரத்தில் இரண்டு தட்டாகச் சுவர். கீழ்த்தட்டில் ஆட்கள் இருக்கலாம், மேல்தட்டில் பூங்கன்று.

கடைசி நாளுக்கு வீடு ஒழுங்கு பண்ணுகிறவர் ஷிரோமி. அவர் ஒருநாள் கடைக்கு வந்து போனை நீட்டினார். திரையில் றெஜினாவின் சுவர்.

"பாத்தனீரே மலர்? என்ன வடிவு. இந்தமுறை கடைசி நாளை அங்கை வைப்பமெண்டு எல்லாரும் கதைக்கினம். பிள்ளையள் ஓடித்திரிய இடமும் கிடக்கு."

மரியமலர் போனை வாங்கி, படத்தைப் பெருப்பித்து, தலையைச் சரித்துப் பார்த்தார்.

"உந்தச் சுவர் பின்பக்கமாச் சரிஞ்சு கிடக்கு. வடிவாப் பாரும். நேராக் கட்டத் தெரியேல்லை."

"எனக்கெண்டா சரியாத்தான் தெரியுது."

"நானும் கட்டுறன். என்ரையைப் பாத்திட்டு முடிவெடுங்கோ."

"நீரோ? உமக்குச் சிம்மை வெட்டத்தானே தெரியும்" என்றார் ஷிரோமி. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மரியமலரும் சிரித்தார். ஆனால் அன்று பின்னேரம் ரெயிலில் அவர் கண்ணை மூடவே இல்லை என்று சொன்னார். வழக்கமாக ஏறியதும் தூங்கிவிடுகிறவர்.

அடுத்த ஞாயிறே மரம் வந்து இறங்கியது. றெஜினா வாங்கிய அதே சட்டம்தான், ஆனால் ஒரு வரிசை கூடுதல். மச்சாளின் சுவரை விட ஒரு வரிசையாவது உயர வேண்டும். மரியான் பூசை உடுப்பை மாற்றக்கூட விடாமல் மண் வெட்ட இறக்கப்பட்டார்.

"போய் ஒரு சொல்லுக் கேளுமன்" என்றார் மரியான். "வேலிக்கு அங்காலைதானே நிக்கிறா."

"கேட்டா, 'என்னட்டைக் கேட்டுத்தான் மச்சாள் கட்டினவ' எண்டு லா சப்பல் முழுக்கச் சொல்லுவா."

"சொல்லட்டுமன். மரம் நிண்டாச் சரிதானே."

"நீங்கள் உந்த முனையைப் பிடியுங்கோ."

யன்னலால் என்ன தெரிந்ததோ அதை மரியமலர் அச்சொட்டாகச் செய்தார். சட்டங்களை நூல் பிடித்து, கண்ணாடி வைத்த மாதிரி நேராக அடுக்கி ஆணி அடித்தார். வெட்டிய மண்ணையே பின்னால் கொட்டி மிதித்து இறுக்கினார். அந்தச் சதுரத் தலைகளையும் மறக்கவில்லை. மிஞ்சிய மரத்தில் சாணளவு துண்டுகளாக அரிந்து, இடைவெளி விட்டுச் சட்டங்களுக்கு நடுவில் செருகினார். றெஜினாவின் சுவரில் அவை ஒன்றுக்கொன்று தூரம் மாறிக் கிடந்தன. தன்னுடையதில் சம தூரம். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

றெஜினா வேலிக்கு அங்காலே நின்று பார்த்தார்.

"நல்லாயிருக்கு மச்சாள். பின்னால கல்லுப் போட்டனீங்களோ?"

"எல்லாம் போட்டிருக்கு" என்றார் மரியமலர், திரும்பிப் பார்க்காமல்.

ஷிரோமி வந்தார், பார்த்தார், கையால் தடவினார். "மெய்யாத்தான் கட்டிப்போட்டீர். சரி, கடைசி நாள் வழமைபோல இஞ்சையே." மரியமலர் அன்று வேலிப்பக்கம் பார்த்து இரண்டு தரம் சத்தமாக இருமினார்.

மே கடைசிக் கிழமை மழை பிடித்தது. விட்டு விட்டு இல்லை, இழுத்துப் பெய்தது. கடைசி நாள் காலையில் யன்னலைத் திறந்த மரியமலர் அப்படியே நின்றுவிட்டார். சுவருக்கு வயிறு வைத்திருந்தது. நடுப்பகுதி முன்னால் தள்ளி, சட்டங்களின் இடுக்கால் மஞ்சள் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சாணளவுத் துண்டுகள், விழப்போகிற பால்பல் மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருந்தன. ஒன்று கழன்று நிலத்தில் கிடந்தது.

முதலில் அவருக்கு வந்த யோசனை, நீலச் சீலை ஒன்றை மேலிருந்து கீழாகத் தொங்கவிட்டு, முன்னால் பூச்சாடி அடுக்கினால் மாதாவின் பீடம் மாதிரி இருக்கும் என்பது. சீலையை எடுத்தும் வந்துவிட்டார். மரியான் அதன் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"முன் வரிசையில சின்னப் பிள்ளையளெல்லோ இருக்கிறது."

மரியமலர் குசினிப் படியில் இருந்துவிட்டார். இரண்டு வீட்டுக்கும் ஒரே மண். ஒரே மழை. மச்சாளுடைய சுவர் மட்டும் அசையாமல் நிற்கிறது.

பிறகு எழும்பி, முகத்தைக் கழுவி, முந்தின இரவே வீட்டுக்கு வந்திருந்த சுரூபத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தெருப்பக்கத்தால் சுற்றிப் போய் றெஜினா வீட்டுக் கதவை முழங்கையால் தட்டினார்.

"கடைசி நாளை இஞ்சை வையும்."

றெஜினா சுரூபத்தைப் பார்த்தார், மச்சாளின் முகத்தைப் பார்த்தார். "சுவரோ?"

"ம்."

"பாரமெல்லோ, தாங்கோ. உள்ளை வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

ஒரு நக்கல் இல்லை, ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லை. இரண்டு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்கிறார் அக்கா. சொல்லாத அந்தக் குணத்தின் மேலும் அவருக்குப் பொறாமை வந்ததாம்.

அன்று மாலை செபமாலையின்போது மரியமலர் அந்தக் கீழ்த்தட்டுச் சுவரில்தான் இருந்தார். ஒரு கையில் மணிகள். மற்றக் கை பக்கத்தில் இருந்த சதுர மரத்தலையைத் தடவியது, பிறகு அழுத்தியது, பிறகு பிடித்து ஆட்டிப் பார்த்தது. மயிரளவும் அசையவில்லை. மூன்றாம் பத்து நடக்கும்போது அவரால் பொறுக்க முடியவில்லை.

"இந்தக் கட்டை எவ்வளவு நீளம்?" என்று பக்கத்தில் இருந்த றெஜினாவிடம் கிசுகிசுத்தார்.

"என்னைவிட நீளம் மச்சாள். மேட்டுக்குள்ள போய், அங்கை ஒரு குறுக்குக் கட்டையில பூட்டிக் கிடக்கு. அதுதான் சுவரைப் பிடிச்சு வச்சிருக்கு."

மரியமலர் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்துவிட்டு மறுபடி சரிந்தார்.

"நான் அலங்காரமெண்டெல்லோ நினைச்சன்."

றெஜினாவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. செபமாலைக்கு நடுவில். ஷிரோமி திரும்பி முறைத்த முறைப்பில் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஆனால் தோள்கள் குலுங்கின.

அடுத்த ஞாயிறு மரியமலர் சுவரைத் தானே பிரித்தார். இந்தத் தரம் வேலிக்கு அங்காலே நின்ற றெஜினாவிடம் ஒன்று விடாமல் கேட்டார். முதல் வரிசை பாதி மண்ணுக்குள் புதைய வேண்டும். சுவர் மேட்டின் மேல் சற்றுச் சாய்ந்து நிற்க வேண்டும். தான் கடையில் பழித்த அந்தச் சரிவு வேண்டுமென்றே வைத்தது. பின்னால் மண் அல்ல, சல்லிக்கல். அடியில் ஓட்டை போட்ட குழாய், தண்ணீர் பக்கத்தால் போய்விட. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில், தண்ணீரை விட்டு மண்ணை மறிக்கிற துணி. நீளக் கட்டைகள் மேட்டுக்குள். மரத்தை அரிந்த இடமெல்லாம் மருந்து பூச வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்துதான் உக்கத் தொடங்கும். எல்லாம் கேட்டுக்கொண்டு, கடைசியில் மச்சாளுடையதை விடக் கொஞ்சம் நீளமான கட்டைகளாகப் பார்த்து வாங்கினார்.

அந்தச் சுவர் நாலு மாரி கண்டும் அப்படியே நிற்கிறது. சரிவில் வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் இப்போது அக்காவைத்தான் கூப்பிடுகிறார்கள். ஞாயிறு பூசை முடிய அவரும் றெஜினாவும் யூலியனின் வான் வண்டியில் ஏறிப் போகிறார்கள். வேலை இடத்தில் யாராவது "றெஜினா நல்லா அரியிறா" என்று சொல்லிவிட்டால், அக்கா மரம் அரிகிற வாளை அவரிடமிருந்து வாங்கித் தானே அரிவாராம். சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறார்.

கடைசி நாள் விஷயம் இன்னும் தீரவில்லை. வேலியில் வாசல் வெட்டி, செபம் றெஜினா முற்றத்தில், சாப்பாடு மரியமலர் முற்றத்தில் என்று ஷிரோமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் திருப்தி, ஒருவரைத் தவிர.

"செபம் அங்கையாம், சோறு இஞ்சையாம்" என்றார் அக்கா, என் சிம்மைப் பொருத்திக்கொண்டே. "அப்ப மாதா எங்கை இருப்பா? அங்கைதானே."

பின்வளவு சரிவாக இருக்கிற சொந்தக்காரர், சிநேகிதர் யாராவது இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். லா சப்பல் பக்கம் போனால் ரூ லூயி-பிளாங்கில் மலரக்காவைக் கேளுங்கள், யாரும் கடையைக் காட்டுவார்கள். வீட்டுக்கே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டுவார். வேலிக்கு அங்காலே இருக்கிற சுவரைப் பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும், இல்லை, கவனிக்கவில்லை என்று சொல்லுங்கள்.